சிலுவைக்கு ஒரு மீட்டர்

அந்த வசந்தகாலத்தில் பல தேசத்து வாலிபர்கள் எங்கள் ஏதென்ஸ் நகரத்துப் பளிங்கு மைதானத்துக்கு வந்து ஓடினார்கள், தாண்டினார்கள், வட்டு எறிந்தார்கள். எல்லாப் பந்தயமும் முடிந்தது. நூறு மீட்டர் ஓட்டம் மட்டும் பாக்கி. இன்றைக்கும் அது பாக்கிதான். ஏன் என்று சொல்கிறேன், பக்கத்தில் வந்து உட்காருங்கள். அந்த ஜன்னலை மட்டும் சாத்திவிடுங்கள் கண்ணுகளா, காற்று எழும்புகிறது.

விளையாட்டுக் குழு என்று ஒன்று இருந்தது. பன்னிரண்டு பெரியவர்கள், கறுப்பு நீளக் கோட்டு, பட்டுத் தொப்பி. அவர்களில் ஒருவரும் வாழ்நாளில் ஓடியதில்லை. கப்பல் கிளம்பும்போதுகூட நிதானமாக நடந்து போய்க் கப்பலைத்தான் காக்கவைப்பார்கள். ஆனாலும் ஓட்டம் என்றால் என்ன என்பது அவர்களுக்குத்தான் தெரியும் என்று அரசாங்கம் முத்திரை போட்டுச் சொல்லியிருந்தபடியால் நாங்களும் அப்படியே நம்பினோம்.

தொடக்க நாளன்று மைதானத்தில் குழுவின் கொடி ஏறியது. குழுத் தலைவர் லஸ்காரிடிஸ் எழுந்து நின்றார். வீட்டில் உப்புக் கேட்பதற்கும் செய்யுள் நடையில் கேட்கிற மனிதர்.

“கடல் கடந்து வந்த விருந்தினரே! நம் முன்னோர் விளையாட்டு நிகழ்ந்த நாட்களில் வாளை உறையிலிட்டனர். போர் நின்றது, பழி நின்றது. அவர்தம் வழித்தோன்றல் யாமே என்பதை உலகறியச் சொல்கின்றேன். இக்கொடி இங்கே பறக்கும் வரையில் இந்நாட்டில் ஒரு சொட்டுக் குருதியும் சிந்தாது!”

வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்கள் எழுதிக்கொண்டார்கள். அவர்கள் எழுதிக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் தலைவர் அதைச் சொன்னார். பின்வரிசையில் நீதி இலாகாக்காரர் ஒருவரும் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார் என்பது தலைவருக்குத் தெரியாது.

இலாகா சொன்னால் சொன்னதுதான். மறுநாளே உத்தரவு போட்டுவிட்டது: கொடி இறங்கும் வரையில் மரண தண்டனை எதுவும் நிறைவேறாது. அதற்குள் நவ்பிளியோ கோட்டையிலிருந்து தலை வெட்டும் கத்தி கப்பலேறி வந்துவிட்டிருந்தது. துறைமுகத்துச் சுங்கக் கொட்டகையில் அதைப் பாய்த்துணி போட்டு மூடி, துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவி வைத்தார்கள்.

அந்தக் கத்திக்காகச் சிறையில் காத்திருந்தவன் மாந்தோஸ், மீன்காரன். தேர்தல் சமயத்தில் சந்தையில் நடந்த கைகலப்பில் மந்திரியின் ஆள் ஒருவன் செத்துப்போனான். அங்கே இருந்தவர்கள் அத்தனை பேர் இடுப்பிலும் கத்தி இருந்தது. மாந்தோஸின் கத்தியில்தான் ரத்தம் இருந்தது. மீன் ரத்தம் என்று அவன் சொன்னான். மீன் வந்து சாட்சி சொல்லவில்லை.

அவனுடைய தம்பிதான் அர்கீரிஸ். ஃபலிரோ கரையில் படகு ஒதுங்கியதும் கூடையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வெயில் ஏறுவதற்குள் நகரத்துச் சந்தைக்கு ஓடி வருகிறவன். மீன் கெட்டால் கூலி இல்லை. அப்படி ஓடிப் பழகிய கால். நம் நாட்டான் எவனாவது நூறு மீட்டரில் முதலாவதாக வந்தால் அரண்மனையில் தான் விரும்பியதைக் கேட்கலாம் என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. அர்கீரிஸ் போய்ப் பெயர் கொடுத்தான். அவன் விரும்பியது ஒன்றே ஒன்றுதான்.

மாந்தோஸின் மனைவி ஸ்டமாட்டா சந்தை மூலையில் மீன் பொரித்து விற்பவள். பந்தயத்தன்று காலையில் அர்கீரிஸின் முகத்தைப் பார்த்துக் கண்ணேறு படாமல் மூன்று தடவை துப்பினாள். “ஓடுறப்ப அக்கம்பக்கம் பாக்காத அர்கீரி. உங்கண்ணன் கழுத்து உன் கால்ல கிடக்குது, அத மட்டும் நெனச்சுக்கோ.”

“நெனச்சா கால் கனக்குது அண்ணி.”

“அப்ப நெனைக்காத. ஓடு.”

இனிப்பைக் கடைசியில்தான் பரிமாற வேண்டும் என்று தலைவர் சொன்னதால் நூறு மீட்டரைக் கடைசிக்கு வைத்திருந்தார்கள். மற்ற எல்லாப் பதக்கமும் கொடுத்தாகிவிட்டது. ஆறு பேர் தொடக்கக் கோட்டுக்கு வந்தார்கள்: அமெரிக்கன், ஹங்கேரிக்காரன், சுவீடன்காரன், இரண்டு ஆங்கிலேயர்கள், நம் அர்கீரிஸ். காலை ஊன்றி உந்துவதற்கு அவரவர் மண்ணில் இரண்டு சின்னக் குழி தோண்டிக்கொண்டார்கள். அப்போதெல்லாம் ஓட்டக்காரன் கையில் ஒரு கொத்துக்கரண்டி இருக்கும்.

துப்பாக்கி கர்னல் துஃபெக்சிஸ் கையில். குழுவிலேயே போருக்குப் போனவர் அவர் ஒருவர்தான். அந்தப் போரில் அவர் ஒரு தடவைதான் சுட்டார் என்றும் அது பின்வாங்குவதற்கான சைகை என்றும் சொல்வார்கள். சுடுவதைவிடச் சுடப்போகும் தருணம் அவருக்குப் பிடிக்கும்.

“சத்தம் யாரு வேணா போடலாம் தம்பிங்களா,” என்று வரிசைக்கு முன்னால் நடந்துகொண்டே சொன்னார். “சத்தத்துக்கு முன்னால இருக்கிற அமைதி இருக்கு பாரு, அது என்னோடது. அரசாங்கம் எனக்குக் குடுத்தது. அத நான் அவசரப்பட்டுச் செலவு பண்ண மாட்டேன்.”

ஆறு பேரும் குனிந்தார்கள். விரல் நுனிகள் கோட்டில். கர்னல் துப்பாக்கியை உயர்த்தி, கண்ணை மூடி, தம் அமைதியை அனுபவிக்க ஆரம்பித்தார். மைதானமே மூச்சை அடக்கிக்கொண்டது.

அப்போது கல்லறைத் தோட்டத்து மணி அடித்தது.

மைதானத்து வாசலுக்கு வெளியே இடது பக்கம் ஏறிப் போகிற தெரு கல்லறைத் தோட்டத்தின் கதவில் போய் முடியும். சாவு மணி கேட்டால் எங்கள் ஊரில் யாரும் யோசிப்பதில்லை. சிலுவை போடக் கை தானாக எழும்பும். நெற்றி, வயிறு, வலத் தோள், இடத் தோள், மூன்று தடவை. அர்கீரிஸின் கையும் எழும்பியது.

“அசைஞ்சான்!” கர்னல் கண்ணைத் திறந்தார்.

“மணி அடிச்சுதுங்க ஐயா.”

“துப்பாக்கி அடிச்சுதா?”

“இல்லீங்க. மணி.”

“நீ எதுக்கு ஓட வந்த, மணிக்கா துப்பாக்கிக்கா?”

குழு அங்கேயே கூடியது. விதி தெளிவாக இருந்தது: துப்பாக்கிக்கு முன்னால் எவன் அசைந்தாலும் தொடக்கம் செல்லாது, அசைந்தவன் ஒரு மீட்டர் பின்னால் போக வேண்டும். நம் பையன்தானே, விட்டுவிடலாமே என்று ஒருவர் முணுமுணுத்தார். தலைவர் நெஞ்சில் கை வைத்தார். “ஐரோப்பா பார்த்துக்கொண்டிருக்கிறது!” ஐரோப்பா அப்போது எள் ரொட்டி தின்றுகொண்டிருந்தது. விதியைச் சற்றே மாற்றிக்கொண்டால் என்ன என்று இன்னொருவர் கேட்டார். மாற்றலாம், ஆனால் விதியைச் செய்த பன்னிரண்டு பேரும் கை தூக்க வேண்டும். எண்ணிப் பார்த்தார்கள். பொருளாளரைக் காணோம். மணி அடித்தது அவருக்காகத்தான். காலைக் காப்பியோடு போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஆக, அந்த விதியை இனி உலகம் உள்ளவரை மாற்ற முடியாது. அவர்களால் செய்ய முடிந்தது பொருள் விளக்கம் ஒன்றுதான். மூன்று தடவை சிலுவை போட்டால் அது ஓர் அசைவா, மூன்று அசைவா? மாலைவரை பேசி மூன்று என்று முடிவு செய்தார்கள். சிலுவைக்கு ஒரு மீட்டர்.

மறுநாள் பொருளாளரின் அடக்கம். பெரிய மனிதர், நிறைய மணி. அர்கீரிஸ் பல்லைக் கடித்துப் பார்த்தான். இடது கையால் வலது கையைப் பிடித்துப் பார்த்தான். பிடித்ததும் அசைவுதான் என்றார்கள். சாயங்காலத்துக்குள் வாசல் வளைவுவரை பின்னால் போய்விட்டான். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் குழி தோண்ட வேண்டும். அவன் போன வழியெல்லாம் இரண்டிரண்டாகக் குழிகள், யாரோ எதையோ புதைக்க இடம் பார்த்துப் பார்த்து மனம் மாறியது போல.

வாசலுக்கு வெளியே ஒரு சிக்கல். நேர் பின்னால் போனால் வறண்ட ஆறு. அதில் பட்டுத் தொப்பியோடு இறங்குவது குழுவுக்கு அழகில்லை. தெரு வழியாகப் போவதும் பின்னால் போவதுதான் என்று ஒரு விளக்கம் பிறந்தது. அப்படித்தான் அவன் முதுகு கல்லறைத் தோட்டத்தின் பக்கம் திரும்பியது.

ஒரு வாரம் போனதும் அர்கீரிஸ் தலைவரின் வீட்டுக்குப் போனான். தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு நின்றான். தலைவர் மணிக்கோவையை விரலில் உருட்டியபடி சாய்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் சாம்பல் நிறக் கோட்டு அணிந்த ஒருவர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, நான் ஜெயிச்சாகணும். இவ்வளவு தூரத்துலேர்ந்து எப்படி ஜெயிக்கிறது? அரண்மனையில ஒண்ணே ஒண்ணு கேக்கணும்.”

“தாராளமாகக் கேட்கலாமப்பா!” தலைவர் முகம் மலர்ந்தது. வீட்டில் சாதாரண ஜனங்களோடு பேசும்போது அவர் செய்யுளை விட்டுக் கொஞ்சம் இறங்கி வருவார். “வென்றவன் விரும்பியதைக் கேட்கலாம். அதில் குழப்பம் வரக் கூடாது பார், அதனால் அவன் எதை விரும்புவான் என்று குழு முன்பே தீர்மானித்துவிட்டது. வெண்கல ஜாடி ஒன்று. ஆயுள் முழுவதும் இலவசச் சவரம். குழுவின் புகைப்படம், சட்டம் போட்டு. மூன்றில் எதை விரும்பினாலும் தடையே கிடையாது.”

“எங்க அண்ணன்...”

“மாந்தோஸா? அதைப் பற்றி நீ கவலையே படாதே.” அவர் முன்னால் சாய்ந்து அர்கீரிஸின் தோளைத் தட்டினார். “நான் உலகத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், இலாகா அதைக் காப்பாற்றுகிறது. கொடி இறங்குகிற வரையில் அவன் தலைமுடியைக்கூட யாரும் தொட மாட்டார்கள். ஓட்டம் முடிந்ததும் கொடியை இறக்குவோம். மறுநாள் காலையிலேயே அவன் வேலை முடிந்துவிடும். இழுத்தடிக்க மாட்டார்கள். அப்படித்தானே ஐயா?”

சாம்பல் கோட்டுக்காரர் காப்பிக் கோப்பையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். இலாகாவில் கத்தியின் பொறுப்பு அவருடையது.

“எனக்கு ஒண்ணும் அவசரம் இல்லீங்க,” என்றார் மரியாதையாக. “எண்ணெய்தான் செலவாகுது.”

அர்கீரிஸ் நேராகச் சந்தை மூலைக்கு வந்தான். ஸ்டமாட்டா கொதிக்கிற எண்ணெயில் நெத்திலியைப் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் சொன்னதைக் கேட்டு அழவில்லை. கரண்டியைக் கையில் பிடித்தபடியே நின்றாள். மீன் கருகியது.

“கொடி எப்ப இறங்கும்னு சொன்னாங்க?”

“ஓட்டம் முடிஞ்சதும்.”

“ஓட்டம் எப்ப முடியும்?”

“தொடங்கினாத்தானே அண்ணி முடியும்.”

“அப்ப நீ எதுக்குடா மடையா, கையப் பிடிச்சுக் கட்டிக்கிட்டு நிக்கிற?”

அன்றிலிருந்து ஏதென்ஸில் அர்கீரிஸைப் போன்ற பக்திமான் கிடையாது.

வெயில்காலம் வந்தது. காலையில் ஓட்டக்காரர்கள் கோட்டில் குனிவார்கள், அர்கீரிஸ் தெருவில் தன் இடத்தில் குனிவான். அவனையும் பார்க்க வேண்டும், அவர்களையும் பார்க்க வேண்டும் என்பதால் கர்னல் தெரு முனையில் மேசை போட்டு அதன்மேல் ஏறி நிற்பார். துப்பாக்கியை உயர்த்துவார், கண்ணை மூடுவார். மணி அடிக்கும். மணியடிக்கும் யெராசிமோஸ் தீவுக்காரன், வாய் ஓயாதவன். மதிலுக்கு மேலே தலையை நீட்டி, “டேய் அர்கீரி! இன்னிக்கி நாலு பேருடா! ஒண்ணு பாங்கிக்காரரு, மணி நீளமாப் போகும். வயிறு நிறையத் தின்னுட்டு வந்தியா?” என்று கத்துவான்.

“ஏழைப்பட்டவங்க யாருமில்லையா?”

“ஒரு வண்ணாத்திக் கெழவி. அவளுக்குச் சின்ன மணிதான். ஆனா உனக்காக ரெண்டு சேத்து அடிக்கிறேன், போ. கெழவியும் சந்தோஷப்படுவா.”

வெளிநாட்டுக்காரர்களுக்கு லீவு தீர்ந்தது. ஒவ்வொருவராகக் கப்பலேறினார்கள். ஓட்டக்காரன் போகலாம், அவன் தடம் காலியாக இருக்கக் கூடாது என்று குழு விளக்கம் சொன்னது. ஆகவே அந்தந்த நாட்டுத் தூதரகத்திலிருந்து ஆட்கள் வந்து குனிந்தார்கள். சுவீடன் தடத்தில் ஒரு பருத்த எழுத்தர் தினமும் குடையோடு குனிந்ததை நானே பார்த்திருக்கிறேன். அமெரிக்கத் தடத்தில் சமையல்காரர் குனிந்தார். வெங்காயம் உரித்துக்கொண்டே குனிவார், அதற்கு விதியில் தடை இல்லை, வெங்காயம்தான் அசைந்தது என்று வாதாடுவார்.

சாம்பல் கோட்டுக்காரர் சனிக்கிழமைதோறும் வருவார். கர்னலின் மேசைக்குப் பக்கத்தில் வந்து தொப்பியைக் கழற்றுவார். “இன்னைக்கி முடியுங்களா?” அன்றைக்கு முடியாது என்று தெரிந்ததும் அர்கீரிஸைப் பார்த்து லேசாகத் தலை வணங்குவார். வண்டியேறித் துறைமுகத்துக்குப் போவார். அவர் கைக்குட்டையில் எண்ணெய்க் கறை இருக்கும்.

இலையுதிர்காலத்தில் குழு ஒரு துணிகரமான முடிவுக்கு வந்தது. கல்லறைத் தோட்டத்து மணியின் நாக்கைத் துணியால் சுற்ற வேண்டும். யெராசிமோஸ் தன் கம்பளிக் காலுறையை எடுத்து மாட்டினான். “செத்தவங்களுக்குக் குளிராதுன்னு யாரு சொன்னா?” என்று முணுமுணுத்துக்கொண்டான்.

மறுநாள் உண்மையிலேயே அமைதி. கர்னல் மேசைமேல் ஏறினார். மணி இல்லை. காற்றுகூட இல்லை. மீன் பொரிக்கும் கரண்டியோடு தெருவோரம் நின்ற ஸ்டமாட்டாவுக்கு முகத்தில் ரத்தமே இல்லை. சாம்பல் கோட்டுக்காரர் தொப்பியை மறுபடி தலையில் வைத்துக்கொண்டார், கிளம்பத் தயாராகிறவர் போல.

கர்னல் மட்டும் தம் அமைதியை அத்தனை ஆசையோடு அனுபவிக்காமல் இருந்திருந்தால் அன்றைக்கு எல்லாம் முடிந்திருக்கும். இத்தனை மாதம் கிடைக்காத அமைதி அல்லவா! அவர் கண்ணை மூடி அதை நீட்டினார், இன்னும் கொஞ்சம் நீட்டினார். தெருத் திருப்பத்தில் ஓர் ஊர்வலம் ஏறி வந்தது. மணி இல்லாததால் அது வருவது யாருக்கும் தெரியவில்லை. முன்னால் பாதிரியார், பின்னால் மூடாத பெட்டி, பெட்டிக்குள் மெழுகு நிறத்தில் ஒரு வாலிபப் பெண்ணின் முகம், நெற்றியைச் சுற்றிப் பூ. பெட்டி அர்கீரிஸின் தலைக்கு மேலேயே தாண்டிப் போனது. அவன் கை எழும்பியது. அந்த ஒரு தடவை அவன் அண்ணனை நினைக்கவில்லை என்று பிற்பாடு ஸ்டமாட்டாவிடம் சொன்னான்.

ஆனால் அவன் மட்டுமா? கர்னல் தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டார். தலைவர் போட்டார். மேசையைச் சுற்றி நின்ற குழு முழுவதும் போட்டது.

ஹங்கேரித் தடத்திலிருந்து தூதரக ஆள் எழுந்து இடுப்பைத் தேய்த்தபடி எதிர்ப்புத் தெரிவித்தார். ஓட்டக்காரன் மட்டும்தான் அசையக் கூடாது என்று விதியில் எங்கே இருக்கிறது? “எவன் அசைந்தாலும்” என்றுதானே இருக்கிறது?

குழு கூடியது. தலைவர் எழுந்து, குரல் நடுங்கச் சொன்னார்: “சட்டத்தின் முன் யாவரும் சமம். யாமே எம்மைப் பின்தள்ளுகின்றோம்! வரலாறு இதைக் குறித்துக்கொள்ளட்டும்.”

இப்படித்தான் குழுவும் பின்னால் போக ஆரம்பித்தது. கல்லறைக்குப் பக்கத்தில் போகப் போக ஊர்வலங்களும் அதிகம். ஒவ்வொன்றுக்கும் எல்லோரும் சிலுவை போட்டார்கள், எல்லோரும் நகர்ந்தார்கள். மணியைத் துணி சுற்றியதில் பலன் இல்லையென்று காலுறையை யெராசிமோஸிடம் திருப்பிக் கொடுத்தார்கள். குளிர்காலம் தொடங்கியபோது பட்டுத் தொப்பிகள் கல்லறைத் தோட்டத்துக் கதவைத் தாண்டி உள்ளே சைப்ரஸ் மரங்களின் கீழ் நின்றன. மைதானத்தையே அங்கிருந்து பார்க்க முடியாது. கொடியின் நுனி மட்டும் மரங்களுக்கு மேலே தெரியும்.

அங்கே குளிர் பொல்லாதது. மழையிலும் தொப்பியில்லாமல் நிற்பதுதான் குழுவின் கண்ணியம் என்று தலைவர் சொல்லியிருந்தார். முதலில் செயலாளருக்கு இருமல் வந்தது. அவருக்கு மணி அடித்தபோது எல்லோரும் மூன்று மீட்டர் நகர்ந்தார்கள். பிறகு இரண்டு நீதிபதிகள், ஒரே வாரத்தில். பிறகு நேரம் பார்க்கிறவர். அவர் சட்டைப்பையில் கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்ததாம், யாரும் அதை நிறுத்தத் துணியவில்லை. ஒவ்வொரு சாவுக்கும் வெந்த கோதுமையில் மாதுளையும் சர்க்கரையும் கலந்து கிண்ணத்தில் கொடுப்பார்கள். மிச்சம் இருந்தவர்கள் அதை நின்றபடியே தின்றுவிட்டு மறுபடி வேலையைப் பார்ப்பார்கள். அர்கீரிஸுக்கும் ஒரு கிண்ணம் வரும். கூட்டத்தில் அவன் ஒருவன்தான் ஒவ்வொரு கிண்ணத்துக்கும் கொஞ்சம் உயிர் பெற்றவன். அண்ணன் உயிரைச் சொல்கிறேன்.

“எனக்குப் பயமா இருக்கு அண்ணி,” என்றான் ஒரு நாள். “மணி கேட்டா சந்தோஷம் வருது. மனுஷன் செத்தான்னு கேட்டுச் சந்தோஷப்படுறவனுக்கு என்ன பேரு?”

ஸ்டமாட்டா அவன் கழுத்தில் கம்பளித் துணியைச் சுற்றிவிட்டாள். “ஓட்டக்காரன்னு பேரு. குனி போ.”

தலைவர் லஸ்காரிடிஸ் தம் கடைசிப் பேச்சை ஒரு பளிங்குத் தேவதையின்மேல் சாய்ந்துகொண்டு பேசினார். “எம் பணி வீண்போகவில்லை. பிற நாடுகளில் ஓட்டங்கள் தொடங்கி, முடிந்து, மறக்கப்பட்டன. எமது ஓட்டம் ஒன்றே இன்னும் மாசுபடாமல் இருக்கின்றது. ஏனெனில் அதை எவரும் இன்னும் ஓடவில்லை.” அவர் பேசியதில் எனக்கு முழுவதும் புரிந்த பேச்சு அது ஒன்றுதான். வசந்தத்துக்கு முன் அவருக்கும் மணி அடித்தது.

கடைசியில் கர்னல் ஒருவர்தான் மிச்சம். தடங்களில் குனிந்தவர்களும் தூதரகம் தூதரகமாக மாற்றலாகிப் போய்விட்டார்கள். அவர்களுக்குப் பதில் தடத்துக்கு ஒரு நாற்காலி. கர்னலுக்குக் கால் தள்ளாடியது. ஆனாலும் தினமும் வந்தார். பொத்தான்கள் எல்லாம் பளபளவென்று தேய்த்திருக்கும்.

ஒரு காலை யாரும் சாகவில்லை. அப்படியும் ஒரு நாள் வரும் என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. யெராசிமோஸ் மதில்மேல் உட்கார்ந்து கையை விரித்தான். “ஒண்ணுமில்லடா. சுத்தமா ஒண்ணுமில்ல. நானும் ஊரு பூரா விசாரிச்சுட்டேன்.” தெருவில் ஊர்வலம் இல்லை. சனிக்கிழமை. சாம்பல் கோட்டுக்காரர் ஒரு சைப்ரஸ் மரத்தடியில் நின்றார்.

கர்னல் துப்பாக்கியை உயர்த்தினார். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. நீட்டவும் இல்லை. கிழவருக்கு முடித்துவிட வேண்டும் போலிருந்தது. விசையின்மேல் விரல் மடங்குவது அர்கீரிஸுக்குத் தெரிந்தது.

அவன் கையை எடுத்தான். நெற்றி, வயிறு, வலத் தோள், இடத் தோள். நிதானமாக, மூன்று தடவை.

துப்பாக்கி அப்படியே நின்றது. “மணி அடிக்கல,” என்றார் கர்னல்.

“இல்லீங்க ஐயா.”

“பெட்டி ஏதும் வரல.”

“வரலீங்க.”

“பின்ன யாருக்குடா போட்ட?”

அர்கீரிஸ் தரையைப் பார்த்தான். “உங்களுக்குத்தாங்க ஐயா.”

நெடுநேரம் அவர் பேசவில்லை. அவருக்குப் பிடித்த அந்த அமைதிதான் அது. ஆனால் இப்போது அது தம்முடையது இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது போலிருந்தது. துப்பாக்கியைத் தாழ்த்தினார். அளவுக்கோலை எடுத்துக்கொண்டு தள்ளாடி வந்து, தாமே குனிந்து, மூன்று மீட்டர் அளந்தார். மூன்றாவது மீட்டர் ஒரு திறந்த குழியில் போய் முடிந்தது. வசந்தத்தில் வெட்டி வைத்த குழி; தலைமாட்டில் பளிங்கில் துஃபெக்சிஸ் குடும்பம் என்று செதுக்கியிருந்தது.

“விதி விதிதான்,” என்றார் கர்னல்.

“தெரியுங்க ஐயா.” அர்கீரிஸ் அதில் இறங்கினான். அங்கே கால் ஊன்றுவதற்குத் தனியாகக் குழி தோண்ட வேண்டியிருக்கவில்லை.

கர்னல் மேலேயிருந்து எட்டிப் பார்த்தார். “உள்ள எப்படி இருக்கு?”

“ஈரமா இருக்குங்க. காத்து இல்ல.”

“நல்லது,” என்றார் அவர். துப்பாக்கியை உறையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். திங்கட்கிழமை அவருக்கு மணி அடித்தது. அர்கீரிஸ் அந்தக் குழியிலிருந்து ஏறி வந்து இடம் விட்டான். மணி கேட்டதும் சிலுவை போட்டான். அளக்க ஆள் இல்லை. ஆனாலும் கர்னல் விட்டுப் போன கோலை எடுத்து அவனே மூன்று மீட்டர் அளந்து பின்னால் போனான்.

இப்போது துப்பாக்கி சுட ஆள் இல்லை, ஓட்டத்தை முடிக்க ஆள் இல்லை, கொடியை இறக்க அதிகாரம் உள்ளவர் ஒருவரும் இல்லை. இலாகா சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறது. மாந்தோஸ் சிறையில் வலை பின்னுகிறான். தலை நரைத்துவிட்டது, ஆனால் தலை இருக்கிறது. ஸ்டமாட்டா மாதமொரு தடவை பொரித்த மீன் கொண்டு போகிறாள். கதை இங்கே நல்லபடியாக முடிந்தது என்று சொல்லிவிட்டு உங்களைத் தூங்கப் போகச் சொல்லியிருப்பேன்.

ஆனால் சாம்பல் கோட்டுக்காரர் இன்னும் வருகிறார். கல்லறைத் தோட்டத்துக்கு வருவதில்லை, மைதானத்துக்கு வருகிறார். கொடிக்கம்பத்தின் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பார். ஒரு நாள் ஸ்டமாட்டா கேட்டேவிட்டாள்: “என்னத்தய்யா பாக்குறீங்க? இறக்குறதுக்குத்தான் ஆளு இல்லியே.”

“இறக்கணும்னு உத்தரவுல இல்லீங்கம்மா,” என்றார் அவர் மரியாதையாக. “இறங்குற வரைக்கும்னுதான் இருக்கு. தானா விழுந்தாலும் இறங்கினதுதானுங்களே. துணி நைஞ்சு போச்சு, பாருங்க. நான் காத்திருக்கேன். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல.”

அன்றிலிருந்து அவள் ஊசியும் நூலும் இல்லாமல் வெளியே போவதில்லை. காற்று இல்லாத நாட்களில் அர்கீரிஸ் கம்பத்தில் ஏறுவான். கந்தலைப் பிடித்துத் தைப்பான், அவள் கீழேயிருந்து எப்படித் தைப்பது என்று கத்துவாள். கொடியில் இப்போது பழைய துணி எது, அவளுடைய பாவாடைத் துணி எது என்று சொல்ல முடியாது.

ஆனால் காற்று எழும்பும் நாட்கள் இருக்கின்றன, இன்றைக்குப் போல. கடலிலிருந்து அது வரும் சத்தம் முதலில் சைப்ரஸ் மரங்களில் கேட்கும். அப்போது கல்லறைத் தோட்டத்துக்குள் குனிந்திருக்கும் அர்கீரிஸ் எழுந்துவிடுவான். துப்பாக்கி இல்லை, மணி இல்லை. தலைவரின் தேவதையைத் தாண்டி, கதவைத் தாண்டி, இரண்டிரண்டாகத் தான் தோண்டிய குழிகளுக்கு நடுவே தெருவில் இறங்கி, வளைவுக்குள் நுழைந்து, காலி நாற்காலிகளைத் தாண்டி, பளிங்குப் படிகளில் ஒரு மனிதரும் இல்லாத மைதானத்தில் கொடி இருக்கிறதா என்று பார்ப்பதற்காக ஓடுவான். அந்த வேகத்தில் ஒரு மனிதன் ஓடி நான் பார்த்ததில்லை. எந்த நாட்டானும் பார்த்திருக்க மாட்டான். கம்பத்தின் கீழே சாம்பல் கோட்டுக்காரர் ஒருவர்தான் நிற்பார். அவர் அண்ணாந்து கொடியையே பார்த்துக்கொண்டிருப்பதால், அவன் வந்து சேர்வதை அவரும் பார்ப்பதில்லை.